ஓட்டு வீடும் உலை அரிசியும்: அஸ்வெசும தகுதியை எப்படி எண்ணுகிறார்கள்?

அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியல் ஒட்டுகிற நாட்களில் எங்கள் ஊரில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் ஒரே கேள்விதான். "அவைக்கு வருது, எங்களுக்கு ஏன் வரேல்லை?" கேட்கிறவர் வெறும் பொறாமையில் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பது வரை தெரிந்த ஊர் இது. தன் வீட்டுக் கஷ்டத்தையும் அந்த வீட்டுக் கஷ்டத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறார், கணக்கு இடிக்கிறது. விதானையாரிடம், அதாவது கிராம உத்தியோகத்தரிடம், போனால் "அது கொம்பியூட்டர் எடுத்த முடிவு" என்பார். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தக் கொம்பியூட்டர் எதைப் பார்த்து முடிவெடுத்தது என்று யாரும் ஆறுதலாக உட்கார்ந்து சொல்வதில்லை. அதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். படிவம் நிரப்பத் தெரியாத நாலைந்து பேருக்கு நிரப்பிக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. அதற்கு மேல் எந்தப் பதவியும் இல்லை.

அரசாங்கம் தரும் உதவிகள் இரண்டு வகை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் துண்டு எடுக்க வரிசையில் நிற்கும்போது உங்கள் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகம் கொடுக்கும்போது வீட்டில் கார் நிற்கிறதா என்று பிள்ளையிடம் கேட்பதில்லை. டொக்டரின் பிள்ளைக்கும் கூலிக்குப் போகிறவரின் பிள்ளைக்கும் ஒரே புத்தகம். இது எல்லாருக்குமான உதவி. மற்றது வடிகட்டிக் கொடுக்கிற உதவி. உங்களிடம் என்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் தருவார்கள், மேலே இருந்தால் இல்லை. இதை வசதிச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். அஸ்வெசும இந்த இரண்டாவது வகை.

அஸ்வெசும என்ற சிங்களச் சொல்லுக்கு ஆறுதல் என்று பொருள். 2023 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன் 1995இலிருந்து சமுர்த்தி என்ற வறுமை உதவித் திட்டம் இருந்தது, அதற்கும் முன் 1989இல் வந்த ஜனசவிய. வேடிக்கை என்னவென்றால், இதற்கு அடிப்படையான நலன்புரி நன்மைகள் சட்டம் 2002ஆம் ஆண்டிலேயே 24ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிவிட்டது. நிறைவேறிய பிறகு நீண்ட நித்திரை. சமுர்த்தியில் பெயர் சேர்ப்பதும் வெட்டுவதும் ஆள் பார்த்து நடக்கிறது என்ற குறை நாடு முழுக்க இருந்தும் அது எழும்பவில்லை. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது முந்தின வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய். அதற்குப் பிறகுதான், 2022 ஒக்டோபரில், யாரைத் தெரிவு செய்வது என்ற அளவுகோல்கள் வர்த்தமானியில் வந்தன.

வருமானத்தை ஏன் நேரே கேட்கக்கூடாது?

வசதிச் சோதனை என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டுவிட்டால் வேலை முடிந்ததே? கேட்கலாம். ஆனால் குருநகரில் கடலுக்குப் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருநாள் நல்ல பாடு, அடுத்த மூன்று நாள் எண்ணெய்க் காசு கூடத் தேறாது. வலிகாமத்தில் வெங்காயம் நட்டவருக்குக் கிண்டின பிறகுதான் காசு. மழை நேரத்தோடு வந்துவிட்டால் அதுவும் இல்லை. சீவல் தொழில் செய்கிறவருக்குப் பனை பாளை விடுகிற மாதங்கள் மட்டும். மேசன் வேலைக்குப் போகிறவருக்கு வேலை இருக்கிற நாளுக்குத்தான் கூலி. இவர்களில் யாரிடமும் சம்பளத் துண்டு கிடையாது. "மாதம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒருவர் நல்ல மாதத்தைச் சொல்வார், இன்னொருவர் மோசமான மாதத்தைச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை.

லண்டனில் இருக்கிற உறவினர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே சம்பளம் வங்கிக்குப் போகிறது, வரித் திணைக்களத்துக்கும் தெரிகிறது. ஆகவே அங்கே வருமானத்தையே நேராக அளக்க முடிகிறது. அவர்களுடைய பராமரிப்பாளர் கொடுப்பனவை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் ஒருவரைப் பராமரிக்க வேண்டும். பராமரிக்கப்படுகிறவர், குறிப்பிட்ட இயலாமைக் கொடுப்பனவுகளில் ஒன்றை எடுப்பவராக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில், வரி முதலியவை கழித்து வாரம் 196 பவுணுக்கு மேல் பராமரிப்பவர் உழைக்கக்கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் வாரம் 83 பவுண் 30 பென்ஸ். கணவருடைய சம்பளத்தைப் பார்ப்பதில்லை, வீடு சொந்தமா என்று பார்ப்பதில்லை. பராமரிக்கிற அந்த ஒருத்தியின் உழைப்பை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் 196 பவுணுக்கு மேல் ஒரு பவுண் கூடினால் 83 பவுணும் போய்விடும். கோடு என்றால் கோடுதான். தெரியாமல் கோட்டைத் தாண்டிய பலரிடம் வருடக் கணக்காகக் கொடுத்த காசை ஒன்றாகத் திருப்பிக் கேட்டது அங்கே 2024இல் பெரிய பிரச்சினையானது.

இந்த ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன். இப்போது ஊருக்கு வருவோம்.

வருமானத்தை நம்ப முடியாத இடத்தில், வருமானத்தின் நிழலைப் பார்ப்பார்கள். கையில் காசு உள்ள குடும்பம் எப்படி இருக்கும்? வீடு எப்படி, தரை எப்படி, கூரை என்ன, தண்ணீர் எங்கேயிருந்து, மலசலகூடம் எப்படி, எத்தனை யுனிட் மின்சாரம், வாகனம் உண்டா, காணி எவ்வளவு, மாடு ஆடு உண்டா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, நோயாளிகள் இருக்கிறார்களா, உழைக்கக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர்? இவை கண்ணுக்குத் தெரிவன, அல்லது ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டி நிரூபிக்கக்கூடியவை. அஸ்வெசும இப்படி 22 சுட்டிகளைப் பார்க்கிறது. அவை கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்பத்தின் அமைப்பு என்று ஆறு பெட்டிகளுக்குள் அடங்கும். ஒவ்வொன்றிலும் உங்கள் குடும்பம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று புள்ளி விழும். கூட்டி எடுத்தால் ஒரு எண் வரும். அந்த எண்தான் நீங்கள். விதானையார் சொன்ன கொம்பியூட்டர் முடிவு என்பது இந்தக் கூட்டல்தான்.

இதில் ஒரு விஷயத்தை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். கணக்கெடுக்க வருகிற பிள்ளை கையிலே போனை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விகளில் "உங்களுக்குக் கஷ்டமா?" என்ற கேள்வி கிடையாது. நீங்கள் அழுதாலும் சரி, சிரித்தாலும் சரி, அதற்கு அங்கே ஒரு கட்டமும் இல்லை. எங்கள் சனம் ஆள் வந்தவுடன் கதிரை போட்டு, பால்தேத்தண்ணி ஊற்றி, கஷ்டத்தை எல்லாம் கதையாகச் சொல்லிவிடும். பிறகு மின்சாரக் கட்டணத் துண்டைக் கேட்டால் "அது எங்கையோ கிடக்கு, பிறகு பாப்பம்." கதையை விட்டுவிட்டு அந்தத் துண்டைத் தேடி எடுத்திருந்தால் பிரயோசனமாக இருந்திருக்கும்.

நிழல் பிழையாக விழுகிற இடங்கள்

நிழலை வைத்து ஆளை அளந்தால் சில நேரம் பிழைக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கெங்கே பிழைக்கிறது என்பதைச் சொன்னால் முழு முறையும் விளங்கிவிடும்.

முதலாவது, கல்வீடு. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான வீடுகள் உதவித் திட்டங்களில் எழும்பின. இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய், கட்டம் கட்டமாக. மிச்சத்துக்குப் பலர் நகையை அடைவு வைத்தார்கள், வட்டிக்கு எடுத்தார்கள். இன்றைக்கு அந்த வீட்டுக்குச் சுவர் உண்டு, ஓடு உண்டு, சீமெந்துத் தரை உண்டு. உலையில் போட அரிசி இருக்கிறதா என்பது வேறு கதை. வேறு மாவட்டங்களில் நல்ல வீடு என்பது, அந்தக் குடும்பம் ஏதோ ஒரு காலத்தில் உழைத்துச் சேர்த்ததற்கு அடையாளம். இங்கே அது, குடும்பம் எல்லாவற்றையும் இழந்ததற்கு அடையாளமாகவும் இருக்கலாம். சுட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, காவலுக்கு இருக்கிற வீடு. வீட்டுக்காரர் ரொறன்ரோவில். மாபிள் தரை, மேல்மாடி, இரும்புக் கேற். உள்ளே பின்பக்க அறையில் குடியிருக்கிற குடும்பத்துக்கு வாடகை இல்லை, அவ்வளவுதான் வசதி. வளவுக்குத் தண்ணீர் இறைக்க மோட்டர் ஓடுகிறது, மின்சாரத் துண்டு ஏறுகிறது. கணக்கெடுப்பவர் வாசலில் நின்று பார்த்தால் என்ன நினைப்பார்? ஆனால் வீடு யாருடையது என்பது தனிக் கேள்வி. அதற்கு "நாங்கள் இருக்கிற வீடு" என்று மழுப்பாமல், சொந்தம் இல்லை, காவலுக்கு இருக்கிறோம், மின்சாரத் துண்டு இன்னாருடைய பெயரில் என்று தெளிவாகப் பதியச் சொல்ல வேண்டும். மானம் போய்விடும் என்று நினைத்து மழுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது காணி. வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பி ஓடியவர்களின் காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், எல்லாவற்றையும் இன்னும் விடவில்லை. காணி உறுதி கையில் இருக்கிறது, காணிக்குள் கால் வைக்க முடியாது. இன்னொரு பக்கம் சீதனக் காணி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி அது பெண்ணின் பெயரில் இருக்கும். ஆனால் தமையன் தோட்டம் செய்துகொண்டிருப்பார், அல்லது பங்கு பிரிக்காமல் நாலு பேருக்குப் பொதுவாகக் கிடக்கும். உறுதியில் ஐந்து பரப்பு, கைக்கு ஒரு மரவள்ளிக் கிழங்கும் இல்லை.

நாலாவது இதற்கு நேர் எதிர். வீடு பழசு, குசினி ஓலையால் வேய்ந்தது, சைக்கிள் மட்டும்தான் வாகனம். ஆனால் மாதம் தவறாமல் பிரான்சிலிருந்து காசு வருகிறது. 22 சுட்டிகளும் இந்த வீட்டை ஏழை வீடு என்றே சொல்லும். ஒழுங்கை முழுக்க முணுமுணுக்கிறது இந்த வீட்டைப் பார்த்துத்தான்.

ஆக, இரண்டு விதப் பிழை. கிடைக்க வேண்டியவர் விடுபட்டுப் போவது ஒன்று, கிடைக்கத் தேவையில்லாதவர் உள்ளே வருவது மற்றது. சல்லடையின் கண்ணைச் சின்னதாக்கினால் முதலாவது கூடும், பெரிதாக்கினால் இரண்டாவது கூடும். எங்கள் ஆட்களுக்கு இரண்டாவது பிழைதான் கண்ணில் குத்துகிறது, ஏனென்றால் அது பக்கத்து வீட்டில் நடக்கிறது. என் கணக்கில் முதலாவதுதான் பெரிய பிழை. தேவையில்லாதவருக்குப் போன காசு வீண்செலவு; விடுபட்டவர் வீட்டில் அடுப்பு எரியாது.

இன்னொன்றும் உண்டு. 2023இல் நான்கு படிகள் வகுத்தபோதே ஒவ்வொரு படிக்கும் இத்தனை குடும்பம் என்று எண்ணிக்கையும் வைத்துவிட்டார்கள். நிலைமாறும் குடும்பங்கள் நாலு இலட்சம், மாதம் 2,500 ரூபாய். பாதிக்கப்படக்கூடியவர்கள் நாலு இலட்சம், 5,000. வறியவர்கள் எட்டு இலட்சம், 8,500. மிக வறியவர்கள் நாலு இலட்சம், 15,000. மொத்தம் இருபது இலட்சம் இடம். விண்ணப்பித்தவையோ சுமார் 37 இலட்சம் குடும்பங்கள். அப்படியானால் கோடு எங்கே விழும்? வறுமை எங்கே முடிகிறதோ அங்கே அல்ல, இடம் எங்கே முடிகிறதோ அங்கே. நீங்கள் வறியவரா என்பதோடு, உங்களைவிட வறியவர்கள் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கிறது. "எனக்கு ஏன் வரேல்லை" என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

பிறகு தொகைகள் மாறின. 2025 ஜனவரியிலிருந்து வறியவர்களுக்கு 10,000, மிக வறியவர்களுக்கு 17,500. நிலைமாறும், பாதிக்கப்படக்கூடிய என்ற இரண்டு படிகளும் குறுகிய காலத்துக்கு என்று வந்தவை. முடிவுத் திகதி வைத்து, பின்பு நீட்டி நீட்டிக் கொடுத்தார்கள். நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள், அந்தப் படிக்கு முடிவுத் திகதி எது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காசு நின்ற பிறகு ஓடுவதைவிட அது சுலபம்.

ஓர் உலை, ஒரு குடும்பம்

இந்தச் சோதனை ஆளை அளப்பதில்லை, குடும்பத்தை அளக்கிறது. சரி, குடும்பம் என்றால் யார்? புள்ளிவிவரக்காரர் ஒரு வீட்டாரை எண்ணும்போது, ஒன்றாக இருந்து ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களை ஒரு வீட்டார் என்பார்கள். எங்கள் பேச்சில் சொன்னால் ஓர் உலை. ஆனால் எங்கள் வீடுகளில் உலைகள் அவ்வளவு ஒழுங்காக இல்லை. முன் அறையில் தாயும் தகப்பனும், பின் அறையில் கல்யாணம் முடித்த மகளும் மருமகனும் பிள்ளைகளும். காலையில் தனித்தனி, மத்தியானம் ஒரே சோறு, இரவு யார் வீட்டில் புட்டு அவித்தார்களோ அங்கே. ஒரே குடும்பமாகப் பதிந்தால் மருமகனின் மோட்டார் சைக்கிளும் தாயின் கணக்கில் விழும். இரண்டாகப் பதிந்தால் தாயும் தகப்பனும் உழைப்பவர் இல்லாத முதிய குடும்பமாகத் தெரிவார்கள். உண்மை எதுவோ அதைத்தான் சொல்ல வேண்டும். பொய்யாகப் பிரிப்பது பிறகு விசாரணைக்கு வரும். ஆனால் உண்மையிலேயே தனி உலையாக இருந்தும் "எல்லாரும் ஒண்டுதான் தம்பி" என்று பாசத்தில் சொல்லிவிட்டு, பிறகு பட்டியலில் பெயர் இல்லை என்று அழுகிற மாமிமாரும் இருக்கிறார்கள்.

இப்போது பராமரிப்பவர்களுக்கு வருவோம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், சங்கானைப் பக்கம் என்று வைப்போம். அம்மாவுக்கு 66 வயது, பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை. மகளுக்கு 45, முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், அம்மா விழுந்த பிறகு நின்றுவிட்டார். கணவர் மேசன். மகன் உயர்தரம் படிக்கிறான். விடிய நாலரைக்கு மகள் எழும்பி அம்மாவின் பாம்பேர்ஸ் மாற்றுவார். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பிக் கிடத்த வேண்டும். ஒரு கோப்பை கஞ்சி பருக்க முக்கால் மணித்தியாலம், அவசரப்பட்டால் புரைக்கேறும். மெத்தை சூடு ஏறாமல் இருக்கப் பகல் முழுக்க மின்விசிறி ஓடும். கிளினிக் நாளில் ஓட்டோவுக்குக் காசு. இரவிலும் ஒரு காது திறந்தபடிதான் நித்திரை. லண்டன் கணக்கில் வாரத்துக்கு 35 மணித்தியாலம் போதும். இவர் புதன்கிழமை இரவுக்குள் அதை முடித்துவிடுவார்.

கணக்கெடுப்பில் இந்த வீடு எப்படித் தெரியும்? ஆட்கள் நாலு பேர். நாட்பட்ட நோய் அல்லது இயலாமை உள்ளவர் ஒருவர்: அது உங்கள் பக்கம் புள்ளி சேர்க்கும். மின்சாரம்: மின்விசிறியால் யுனிட் ஏறியிருக்கிறது, அது எதிர்ப்பக்கம் இழுக்கும். மகளின் தொழில்? "வீட்டில சும்மாதான் இருக்கிறா" என்று கணவரே சொல்வார். தொழில் இல்லை என்று விழும். இரண்டு பேரின் வேலையைச் செய்கிற மனுசி, உழைக்கக்கூடிய வயதில் உழைக்காமல் இருக்கும் ஒருவராகப் பதிவாகிறார். அந்த முன்பள்ளிச் சம்பளம் போனதை எந்தச் சுட்டியும் கேட்கவில்லை. இலங்கையில் பராமரிக்கிறவருக்கு என்று தனி மாதக் கொடுப்பனவு கிடையாது. நோயாளிக்கு உண்டு, முதியவருக்கு உண்டு, குடும்பத்துக்கு உண்டு. கட்டிலின் பக்கத்தில் இருக்கிறவருக்கு இல்லை.

ஆகவே அந்த வீட்டுக்குக் காசு வரக்கூடிய வாசல்களைத் தேட வேண்டும். குடும்பக் கொடுப்பனவு ஒரு வாசல். அதைத் தவிர, வருமானம் குறைந்த குடும்பங்களில் உள்ள மூன்று வகையானவர்களுக்கு ஆள் பார்த்துக் கொடுப்பது இருக்கிறது. இயலாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் 2023இல் 5,000 ஆக இருந்தது, 2024இல் 7,500, 2025 ஜனவரியிலிருந்து 10,000. எழுபது வயது தாண்டிய முதியவர்களுக்கு 2,000, பிறகு 3,000, பிறகு 5,000. எங்கள் சங்கானை அம்மாவுக்கு எழுபது ஆகவில்லை, ஆகவே முதியோர் வாசல் இன்னும் நாலு வருடம் பூட்டுத்தான். இயலாமை வாசல் திறந்திருக்கிறது. அதற்கு பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும். அரசாங்க வைத்தியரின் சான்றிதழ் கையில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். பலர் பாரிசவாதத்தை வருத்தம் என்று மட்டும் நினைக்கிறார்கள். எழும்பி நடக்க முடியாமல் ஆனால் அது இயலாமையும்தான் என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

இதைத் தவிர மாகாணச் சமூக சேவைகள் திணைக்களம் கொடுக்கும் பொதுசன மாதாந்த உதவிப்பணம் என்று ஒன்று பழைய காலத்திலிருந்து உண்டு. ஊரில் அதற்குப் பெயர் பிச்சைச்சம்பளம். இந்தப் பெயராலேயே எத்தனையோ கிழவிகள் அதற்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டார்கள். தொகை சின்னது, ஆனாலும் பெயர் செய்த கெடுதல் சின்னதல்ல.

பட்டியலில் பெயர் இல்லை என்றால்

பட்டியல் பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் ஒட்டப்படும். பெயர் இல்லாவிட்டாலோ, கீழ்ப்படியில் போட்டிருந்தாலோ மேன்முறையீடு செய்யலாம். வேறொருவருக்குத் தகுதி இல்லாமல் கிடைத்திருக்கிறது என்று சொல்வது ஆட்சேபனை, அது வேறு. 2023இல் நாடு முழுக்க ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. ஆட்சேபனைகள் இருபதாயிரத்தைக்கூட எட்டவில்லை. ஒழுங்கையில் அவ்வளவு முணுமுணுத்த சனம் எழுதிக் கொடுக்கும்போது அமைதியாகிவிட்டது. நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது. அடுத்த வீட்டை வெட்டுவதற்குச் செலவழிக்கிற நேரத்தில் உங்கள் படிவத்தைத் திருத்தலாம்.

மேன்முறையீட்டுக்கு நாட்கணக்கு உண்டு, தவறினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். நெடுந்தீவில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். தீவிலேயே பிரதேச செயலகம் இருப்பது ஒரு ஆறுதல். ஆனால் வைத்தியச் சான்றிதழுக்கோ வேறு கடிதத்துக்கோ யாழ்ப்பாணம் வர வேண்டுமென்றால், கடலைத் தாண்டிக் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ். கடல் கொந்தளித்தால் அன்றைய நாள் போச்சு. படுக்கையில் ஆளை வைத்துக்கொண்டு இருக்கிறவருக்கு வலிகாமத்திலிருந்து வருவதுகூட நெடுந்தீவுப் பயணம்தான். வீட்டில் யாரையாவது காவலுக்கு வைத்துவிட்டுத்தானே வர வேண்டும்?

என்ன எழுதுவது? "நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம், ஐயா தயவுசெய்து கவனிக்கவும்" என்று எழுதுவது எங்கள் வழக்கம். முறையீட்டை வாசிப்பவருக்கு அதை வைத்து ஒரு கட்டத்தையும் மாற்ற முடியாது. எந்தச் சுட்டி பிழையாக விழுந்திருக்கும் என்று யோசித்து, அதை மட்டும் பிடியுங்கள். ஒருமுறை காவல் வீட்டில் இருக்கும் ஒரு அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்ததில் நாலே வரி. வீடு எங்களுக்குச் சொந்தமில்லை, உரிமையாளர் வெளிநாட்டில். மின்சாரத் துண்டு அவர் பெயரில், தோட்ட மோட்டருக்கும் அதிலிருந்துதான் மின்சாரம். கணவர் இரண்டு வருடத்துக்கு முன் பிரிந்து போனார். பிள்ளைகள் இருவர், இருவரும் பள்ளிக்கூடம். கீழே உரிமையாளர் அனுப்பிய கடிதமும், துண்டின் போட்டோக்கொப்பியும், விதானையாரின் உறுதிப்படுத்தலும். முதல் தரம் அதை வாங்கிய அலுவலகத்தில் கொடுத்தது தொலைந்துவிட்டது என்றார்கள், திரும்பக் கொடுத்தோம். அன்றையிலிருந்து எதைக் கொடுத்தாலும் ஒரு கொப்பியில் திகதி போட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளாமல் நான் வெளியே வருவதில்லை.

பெயர் வந்துவிட்டால் அப்புறம் வங்கி. பிரதேச செயலகம் தரும் கடிதத்தோடு போய் இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியவற்றில் ஒன்றில் கணக்குத் திறக்க வேண்டும். இங்கே அடையாள அட்டையில் மாட்டுப்படுகிறவர்கள் அதிகம். இடம்பெயர்வில் தொலைந்தது, பெயர் எழுத்துப் பிழை, கல்யாணத்துக்கு முந்திய பெயர் என்று ஏதாவது இருக்கும். பெயர் தெரிவாகியும் கணக்குத் திறக்காததால் காசு வராமல் இருந்த குடும்பங்களும் உண்டு. பட்டியலுக்குக் காத்திருக்கும்போதே அடையாள அட்டை அலுவலைப் பார்த்து வையுங்கள்.

காசு வரத் தொடங்கியபின் குடும்பத்தில் மாற்றம் வந்தால் அறிவிக்க வேண்டும். பிள்ளை பிறந்தால், கல்யாணமாகிப் போனால், ஒருவர் இறந்தால். இந்தக் கடைசி மாற்றத்தைப் பற்றிப் பராமரிக்கிறவர்களிடம் பேசுவது சங்கடம். ஆனால் பேசத்தான் வேண்டும். சங்கானை அம்மா ஒருநாள் கண்ணை மூடினால் அவருடைய பெயரில் வந்த 10,000 அத்தோடு நிற்கும், ஏனென்றால் அது அவருடையது. குடும்பத்தில் இயலாமை உள்ளவர் என்ற புள்ளியும் போய்விடும், அடுத்த மதிப்பீட்டில் கூட்டல் மாறும். லண்டனில் பராமரிக்கப்பட்டவர் இறந்த பிறகும் எட்டு வாரம் வரைக்கும் பராமரிப்பவருக்குக் காசு தொடர்ந்து வரும், நிமிர்ந்து நின்று வேலை தேட. இங்கே எட்டுச்செலவு முடிகிற கிழமையிலேயே மகள் மரணச் சான்றிதழைக் கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அறிவிக்காமல் விட்டால் அதிகமாக வந்ததைத் திருப்பிக் கேட்பார்கள். அப்போது அவருக்கு ஐம்பது வயதாகியிருக்கலாம். முன்பள்ளியில் அவருடைய இடத்தில் வேறொரு பிள்ளை படிப்பித்துக்கொண்டிருக்கும். அவருடைய பெயரில் ஒரு கொடுப்பனவு வர அவருக்கு எழுபது ஆக வேண்டும்.